ஆறே வழி

நுழையும்முன்

ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தி, எதிரே நேரத்தைக் குறித்துவிட்டால் அது பயணத் திட்டமாகிவிடுமா? காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரை முன்வைத்து இவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை. கோவிலும் கோட்டையும் மட்டுமல்ல, அவற்றுக்குச் சோறிட்ட வயலும் வாய்க்காலும் காணத்தக்க மரபுச் செல்வங்களே என்பது இதன் கருத்து.

இருபொருள் தரும் ஒரு சொல்

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும். நடந்து செல்லும் வழியையும் குறிக்கும். நீர் சென்ற தடத்தை ஒட்டியே மனிதரும் நடந்தனர். நடந்த இடத்தில் ஊர் அமைத்தனர். நம் முன்னோர் பயண வழிகாட்டுதலுக்கென்றே ஓர் இலக்கிய வகையை உருவாக்கி, அதற்கு ஆற்றுப்படை என்று பெயரிட்டனர். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு வழி கூறுவதே ஆற்றுப்படையின் பொது அமைப்பு. அவர் சேரவேண்டிய இடத்தை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. இடையில் எந்நிலம் வரும், அங்கு எத்தொழில் செய்வோர் வாழ்கின்றனர், அவர்கள் எவ்வுணவு தந்து விருந்தோம்புவர், எவ்விடத்தில் இடர் உண்டு என்பவற்றையெல்லாம் எடுத்துரைக்கிறார். வழியும் வழியில் வாழும் மக்களும் அவருக்கு இன்றியமையாதவர்கள்.

இன்று காவிரிப் படுகைக்குச் செல்வோர் வகுக்கும் திட்டம் பெரும்பாலும் வேறு வகையானது. காலை ஏழு மணிக்கு ஒரு கோவில், எட்டரைக்கு மற்றொன்று, நண்பகலுக்குள் மூன்று, மாலைக்குள் ஒன்பது எனக் கடிகாரமே அதனை நடத்துகிறது. கோள்களுக்குரிய தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிவரும் ஊர்திகள் திருவெண்காட்டிலும் கீழப்பெரும்பள்ளத்திலும் நின்று புறப்படுகின்றன. இவ்விரண்டு ஊர்களும் பூம்புகாருக்கு மிக அருகில் உள்ளவை. எனினும் அவ்வூர்திகளில் வருவோர் பலர் பூம்புகாரைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். வழிபாடு அவரவர் உரிமை. அதில் குறைகாண இடமில்லை. ஆயின் ஒரு நாட்டைப் பார்த்து வந்தோம் என்று சொல்லிக்கொள்வதற்கு அவ்விரைவு போதாது. காவிரிப் படுகையைக் காண விரும்புவோர், ஊர்ப் பட்டியலை எழுதும் முன்னர் ஆற்றின் வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

லுவார் கற்பிக்கும் பாடம்

பிரான்சு நாட்டில் லுவார் என்றோர் ஆறு உண்டு. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் அவ்வாற்றின் கரைகளிலும் துணையாறுகளின் கரைகளிலும் அரசர்களும் பெருங்குடியினரும் எழுப்பிய மாளிகைகள் நிறைந்துள்ளன. முதலாம் பிரான்சுவா மன்னர் 1519இல் கட்டத் தொடங்கிய சாம்போர் மாளிகை அவற்றுள் புகழ்மிக்கது. அம்மாளிகைகளுக்கு இடையே திராட்சைத் தோட்டங்களும் சிற்றூர்களும் பழைய படகுத்துறைகளும் தொடர்ந்து வருகின்றன.

யுனெஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் லுவார்ப் பள்ளத்தாக்கினை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. சுல்லி என்னும் ஊர் முதல் சலோன் என்னும் ஊர் வரையிலான பகுதி முழுவதும் ஒரே பண்பாட்டு நிலப்பரப்பாக அறிவிக்கப்பட்டது. மாளிகைகளைத் தனித்தனியே பிரித்தெடுக்காமல், ஆறும் கரையும் தோட்டமும் ஊரும் சேர்ந்ததே மரபுச் செல்வம் என்று அவ்வறிவிப்பு ஏற்றுக்கொண்டது. அவ்வாற்றையொட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டிப் பாதை அமைக்கப்பட்டுள்ளது. அங்குச் செல்வோர் மாளிகையைக் காணும் அதே ஆர்வத்தோடு தோட்டத்தையும் காண்கின்றனர்; எவ்வகை மண்ணில் எவ்வகைத் திராட்சை விளைகிறது என்று உழவரிடம் கேட்டறிகின்றனர். உழுதொழில் அங்கே காட்சியின் பின்புலமாக ஒதுங்கி நிற்கவில்லை. அதுவே காட்சியின் ஒரு பகுதியாக உள்ளது.

நெல்லுக்கும் இத்தகைய மதிப்பு உலகில் கிடைத்திருக்கிறது. பிலிப்பைன்சு நாட்டின் மலைச்சரிவுகளில் அடுக்கடுக்காக அமைந்த நெல்வயல்களை யுனெஸ்கோ 1995இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கேரளத்தில் கடல்மட்டத்திற்குக் கீழே நெல் விளைவிக்கும் குட்டநாட்டு வேளாண்முறையை, ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2013இல் உலக முதன்மை வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. காவிரிப் படுகையிலோ, தஞ்சைப் பெரிய கோவில் 1987இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இலும் உலக மரபுச் சின்னங்களாயின. மூன்றும் அப்பெருமைக்கு முற்றிலும் தகுதியுடையவையே. ஆனால் அம்மூன்றையும் தாங்கிநின்ற வயலும் வாய்க்காலும் நம் கண்ணிலும் படுவதில்லை. நம் பயணத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

கல்லில் எழுதிய நெல்

கோவிலையும் வயலையும் பிரித்துப் பார்ப்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. இதற்குப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளே சான்று. 1010இல் நிறைவுற்ற அக்கோவிலுக்கு எவ்வெவ்வூர்கள் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதை முதலாம் இராசராசன் கல்லில் பொறித்து வைத்தான். அந்நெல்லை அளப்பதற்குரிய மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரே சூட்டப்பட்டிருந்தது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும் அவர்கள் வாழ்ந்த மனைகளும் குறிக்கப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் என அவர்களுக்கு வாழ்வூதியம் வகுக்கப்பட்டதையும் அக்கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. ஆடலும் பாடலும் விளக்கும் விழாவும் நெல்லால் அளக்கப்பட்டன. அந்நெல்லோ ஆற்றுநீரால் விளைந்தது.

விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்து வியப்பவர், அதன் அடித்தளத்தில் எழுதப்பட்டிருக்கும் நெற்கணக்கையும் குனிந்து பார்க்க வேண்டும். பார்த்தபின், அந்நெல் விளைந்த மண் எங்கே என்று கேட்க வேண்டும். கோவிலை விட்டு வெளியே வந்து சில கிலோமீட்டர் சென்றால் அதற்கான விடை இருபுறமும் பசுமையாக விரிந்து கிடக்கும்.

இளங்கோவடிகள் வகுத்த பயணம்

காவிரிக் கரையில் நிகழ்ந்த ஒரு பயணத்தை விரிவாகப் பாடிய பழைய நூல் சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுப் புறப்பட்டுக் கவுந்தியடிகளின் துணையோடு காவிரியின் கரைவழியே மேற்கு நோக்கி நடந்ததைக் கூறும் பகுதிக்கு 'நாடுகாண் காதை' என்று பெயர். அப்பெயர் சிந்திக்கத்தக்கது. வழியில் கண்ட மாடங்களைப் பற்றியோ மன்னரைப் பற்றியோ அப்பெயர் பேசவில்லை. நாடு காண்பதைப் பற்றிப் பேசுகிறது.

அக்காதையில் கவுந்தியடிகள் வழியின் இயல்பை முன்கூட்டியே எடுத்துரைக்கிறார். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். அறியாது கால் வைப்பவர் இடறி விழுவர். வயல் வழியே சென்றால், நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டு வருந்தும். பயணிக்கு வரும் துன்பத்தையும் பயணியால் பிற உயிர்க்கு வரும் துன்பத்தையும் ஒருசேர எண்ணிப் பார்த்த அறிவுரை இது. வயலில் நாற்று நடுவோர் பாடும் பாட்டும், ஏர் பூட்டுவோர் பாடும் பாட்டும், களத்தில் நெல் அளப்போர் பாடும் பாட்டும் அக்காதையில் ஒலிக்கின்றன. துயரத்தோடு ஊரை விட்டுச் சென்ற இருவரின் பயணத்திலும் உழைப்போரின் குரலுக்கு இளங்கோவடிகள் இடமளித்தார். மகிழ்ச்சிக்காகப் பயணம் செய்யும் நாம் அதற்கு இடமளிக்கத் தவறலாமா?

பிற்காலத்தில் சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து காவிரியைப் பற்றி எழுதிய பயண நூலுக்கு 'நடந்தாய் வாழி காவேரி' என்று பெயர் வைத்தனர். அப்பெயரும் சிலப்பதிகாரத்தின் கானல்வரியிலிருந்து எடுத்ததே. ஆற்றை வழித்துணையாகக் கொண்டு எழுதும் மரபு நம்மிடம் அறுபடாமல் தொடர்ந்திருக்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

நீரே நாட்காட்டி

எங்குச் செல்வது என்பதற்கு முன் எப்போது செல்வது என்பதை முடிவு செய்ய வேண்டும். படுகையில் அதனைத் தீர்மானிப்பது நீர். மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டிற்கு வந்தது. இருப்பு போதுமானதாக உள்ள ஆண்டுகளில் சூன் 12ஆம் நாள் அவ்வணையைத் திறப்பது வழக்கம். நீர் சில நாள்களில் கல்லணையை அடையும். அங்கு நெல்லும் மலரும் தூவி மதகுகளைத் திறப்பர். குறுவை நடவு அதன்பின் சூடுபிடிக்கும். ஆடிப் பதினெட்டாம் நாளில் பெண்கள் ஆற்றங்கரையில் கூடிப் புதுப்புனலை வணங்குவர். ஐப்பசியில் மயிலாடுதுறையின் துலாக்கட்டத்தில் நீராட மக்கள் திரள்வர். வடகிழக்குப் பருவமழையும் புயலும் அவ்வேளையில் வரும் என்பதால் அப்போது செல்வோர் வானிலை அறிவிப்பைக் கேட்டே புறப்பட வேண்டும். தை மாதத்தில் சம்பா கதிர் முற்றி வயல்கள் பொன்னிறம் கொள்ளும், அறுவடை தொடங்கும். பங்குனி, சித்திரையில் நெல் அறுத்த தாளிடையே உளுந்தும் பயறும் விளைந்து முடிய, ஆறு மணற்பரப்பாகக் காட்சி தரும்.

பள்ளி மாணவர்க்குப் பெரும் விடுமுறை வாய்ப்பது மே மாதத்தில். அப்போது செல்பவர் வறண்ட ஆற்றையே காண்பர். காவிரி என்றால் கரைபுரளும் வெள்ளம் என்று எண்ணிச் சென்றவர்க்கு அது ஏமாற்றமாகலாம். எனினும் நீரில்லாத ஆறும் நமக்குச் சிலவற்றைக் கற்பிக்கும். மணலின் அளவு, கரையின் உயரம், மதகின் அமைப்பு ஆகியவை வெள்ளத்தில் மறைந்துவிடும். வறட்சியில் தெளிவாகத் தெரியும். ஒரே முறைதான் செல்ல இயலும் என்றால், பொங்கல் விடுமுறையைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. வெயில் கடுமையாக இராது. வயலில் விளைச்சல் நிற்கும். ஊரில் விழாவும் இருக்கும்.

நான்கு நாள், ஓர் ஆறு

கல்லணை முதல் பூம்புகார் வரை ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். விரைந்து செல்லும் ஊர்திக்கு அது சில மணி நேரத் தொலைவு. நான்கு நாள்களில் அதனைக் கடக்குமாறு திட்டமிட்டால் நாடு காண முடியும். இதனை ஒரு மாதிரித் திட்டமாகக் கொள்ளலாம்.

முதல்நாள் கல்லணை. கரிகாலனின் பெயரோடு இணைந்த அவ்வணையில் நின்று, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் நான்காகப் பிரிவதைக் காணவேண்டும். படுகையின் இலக்கணம் முழுவதும் அவ்விடத்தில் அடங்கியுள்ளது. மாலையில் தஞ்சையை அடைந்து பெரிய கோவிலின் கல்வெட்டுகளைக் காணலாம்.

இரண்டாம்நாள் கும்பகோணம் நோக்கிய வழி. குடமுருட்டியும் அரசலாறும் காவிரியிலிருந்து பிரிந்து செல்வதைப் பார்க்கலாம். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் செப்புத்திருமேனி செய்யும் கலைஞர்களையும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்போரையும் கண்டு, அவர்களுடைய தொழில்முறையைக் கேட்டறியலாம். தாராசுரத்தின் சிற்பங்களைக் காண மாலை வெளிச்சம் ஏற்றது.

மூன்றாம்நாள் மயிலாடுதுறை வழி. இதில் ஒரு முற்பகல் முழுவதையும் ஏதேனும் ஒரு சிற்றூருக்கென ஒதுக்க வேண்டும். அவ்வூரின் உழவர் ஒருவரிடம் முன்னரே இசைவு பெற்று, நாற்றங்காலிலிருந்து களம் வரை ஒரு நெல்மணி செல்லும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதிரங்கத்தில் நெல் செயராமன் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டெடுத்துப் பரப்பினார். அவ்வகைகளுள் ஒன்றிரண்டேனும் பெயரால் அறிந்து, சுவையால் உணர்ந்து திரும்புவது நன்று.

நான்காம்நாள் பூம்புகார். அங்கிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால் தரங்கம்பாடி. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க்கு நாட்டினருக்கு அங்கே வணிக உரிமை அளித்தார். அவர் பொற்றகட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் டென்மார்க்கில் பேணப்படுகிறது. டேனியர் கட்டிய கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, தமிழ் நூல்களை அச்சேற்றினார். 1845இல் அவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. மேலும் தெற்கே, அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. ஐரோப்பியர் இச்சிறு கடற்கரைக்கு அடுத்தடுத்து வந்ததற்குக் காரணம் இதன் பின்னே பரந்து கிடந்த விளைநிலமும் நெசவும் வணிகமுமே.

பூம்புகாரில் என்ன இருக்கிறது?

பூம்புகாருக்குச் சென்று வந்த பலர், அங்குக் காண ஒன்றுமில்லை என்று சொல்வதுண்டு. கண்ணால் மட்டும் காணச் சென்றவர்க்கு அக்கூற்று ஓரளவு உண்மையே. பட்டினப்பாலை பாடிய துறைமுகம் அங்கில்லை; மணிமேகலை கூறும் இருபத்தெட்டு நாள் இந்திரவிழாவின் வீதிகள் இல்லை. கடல் கொண்டது போக எஞ்சியவை மிகச் சில. கீழையூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கற் படகுத்துறையும், பல்லவனீச்சுரத்தில் வெளிப்பட்ட பௌத்த விகாரத்தின் அடித்தளமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் காப்பியக் காட்சிகளைச் சிற்பமாக்கிக் காட்டுகிறது. கடலடியில் நிகழ்ந்த ஆய்வுகளின் பயனாகக் கிடைத்த பொருள்களும் அவ்வூரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

இவை மட்டுமே என்றால் அரைமணி நேரம் போதும். ஆனால் பட்டினப்பாலையைப் படித்துவிட்டுச் செல்பவர்க்கு நிலைமை வேறு. உப்பை விற்று, அதற்கு ஈடாக நெல்லை ஏற்றிவந்த படகுகள் கழியோரத்தில் குதிரைகளைப் போல் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த காட்சியை அந்நூல் கூறுகிறது. நெய்தலின் உப்பும் மருதத்தின் நெல்லும் கைமாறிய இடம் அது. கடல்கடந்து வந்த குதிரையும், குன்றிலிருந்து வந்த சந்தனமும், தென்கடல் முத்தும் அங்கே குவிந்ததற்கு அடிப்படை, ஆற்றின் வழியே வந்திறங்கிய விளைபொருளே. கடற்கரையில் நின்று மேற்கு நோக்கித் திரும்பிப் பார்த்தால், நான்கு நாள் நாம் கடந்துவந்த நூற்றைம்பது கிலோமீட்டரும் அத்துறைமுகத்தின் பின்புலம் என்பது விளங்கும். ஆகவேதான் பூம்புகாரைப் பயணத்தின் முடிவில் வைக்க வேண்டும் என்கிறேன். ஆற்றை அறியாமல் அதன் முகத்துவாரத்தை அறிய இயலாது. படிப்பும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதி என்பதைப் பூம்புகாரைப் போல் வலியுறுத்தும் ஊர் வேறில்லை.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்குச் சில மறுப்புகள் எழக்கூடும். அவற்றைப் புறந்தள்ளுதல் முறையன்று.

நேரமும் பணமும் உள்ளவர்க்கே நான்கு நாள் பயணம் இயலும் என்பது முதல் மறுப்பு. இது நேர்மையான மறுப்பு. ஆனால் நான் கேட்பது நாள்களின் எண்ணிக்கையை அன்று, நோக்கத்தின் மாற்றத்தை. ஒரே நாள் மட்டும் உடையவர், ஒன்பது ஊர்களைத் தொட்டுவருவதை விடுத்து, ஆற்றின் இருபது கிலோமீட்டரை நிறுத்தி நிதானமாகக் காணலாம். படுகை மேடுபள்ளமற்ற சமவெளி. பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டியே அப்பகுதி மாணவர்க்குப் போதிய ஊர்தி. பெருஞ்சாலையைத் தவிர்த்து, பெரியோர் துணையோடு ஆற்றங்கரைச் சாலையில் செல்லலாம்.

வயல் என்பது உழைக்குமிடம். அதனைக் காட்சிப்பொருளாக்குவது உழைப்போரை இழிவுபடுத்தும் என்பது இரண்டாம் மறுப்பு. இது மேலும் ஆழமானது. பயணிகளின் பெருக்கம் ஊர்களைச் சிதைக்கும் என்பதற்கு உலகில் சான்றுகள் உள்ளன. ஒருநாள் பயணிகளின் நெரிசலைத் தாங்காத வெனிசு நகரம் 2024இல் அவர்களிடம் நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. எனவே எல்லை வகுத்துக்கொள்வது கட்டாயம். இசைவின்றி வரப்பில் இறங்கலாகாது, கேட்காமல் எவரையும் படம் எடுக்கலாகாது, நெகிழியை விட்டுவரலாகாது, பெற்ற விருந்துக்கும் செலவிடப்பட்ட நேரத்துக்கும் உரிய மதிப்பையும் பொருளையும் தரவேண்டும். நண்டும் நத்தையும் மிதிபடக் கூடாது என்ற கவுந்தியடிகளின் அறம் இன்றைய பயணிக்கும் பொருந்தும். உழைப்பவரை விலகி நின்று வேடிக்கை பார்ப்பதே இழிவு. அவரிடம் அமர்ந்து கற்றுக்கொள்வது மதிப்பு.

தங்குமிடமும் கழிப்பறையும் இல்லாத சிற்றூர்களுக்குக் குடும்பத்தோடு, குறிப்பாகப் பெண்களோடு, எவ்வாறு செல்வது என்பது மூன்றாம் மறுப்பு. இதற்குப் பயணி மட்டும் விடை கூற இயலாது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்ய வேண்டியவை இவை: கல்லணை முதல் பூம்புகார் வரை ஆற்றையும் கிளையாறுகளையும் காட்டும் எளிய தமிழ் வரைபடம், ஒவ்வொரு கதவணையிலும் அதன் வரலாறும் அது பாசனம் தரும் பரப்பும் எழுதிய பலகை, தொடர்வண்டி நிலையங்களில் வாடகை மிதிவண்டி, வழிநெடுகத் தூய்மையான கழிப்பறை. இவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று. இவற்றால் வரும் வருவாய் பெருநகர விடுதிகளோடு நின்றுவிடாமல் சிற்றூர்களையும் சென்றடையும்.

கடைமடையின் கேள்வி

பயணத் திட்டம் போன்ற ஒரு சிறு செய்திக்கு இவ்வளவு விளக்கம் தேவையா என்று சிலர் எண்ணலாம். நாம் எதைக் காணச் செல்கிறோமோ அதையே காக்க முன்வருகிறோம் என்பதால் இவ்விளக்கம் தேவைப்படுகிறது. பழுதடைந்த கோபுரத்தைக் கண்டால் நாம் பதறுகிறோம். தூர்ந்துபோன வாய்க்காலைக் கண்டால் நமக்கு எதுவும் தோன்றுவதில்லை. அவ்வாய்க்காலின் பெயரை நாம் அறியோம்.

பூம்புகாருக்கு அருகே மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை உள்ளது. கல்லணையில் அகன்று விரிந்த ஆறு அங்கே ஒரு சிறு வாய்க்காலின் அளவாகிவிடுகிறது. மேட்டூரில் திறந்த நீர் அக்கதவணையை அடையும் நாளில் உழவர் மலர்தூவி வரவேற்கின்றனர். நீர் வாராத நாள்களில் அவர்கள் காத்திருக்கின்றனர். கடைமடை என்று அப்பகுதிக்குப் பெயர். மேலே ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதைப் பெறும் நிலம் அது. ஆற்றுநீர் குறையும்போது கடல்நீர் நிலத்தடியில் உட்புகுகிறது; விளைச்சல் குறைகிறது; இளையோர் வேறு தொழில் தேடி ஊரை விட்டுச் செல்கின்றனர்.

காவிரி நீர்ப் பங்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பு வழங்கி, தமிழ்நாட்டிற்கு 177.25 டி.எம்.சி. நீர் தரப்பட வேண்டும் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை இயற்றியது. நகரத்தில் வாழும் மாணவர்க்கு இவை தேர்வில் எழுதவேண்டிய எண்களும் ஆண்டுகளும் மட்டுமே. மேலையூர்க் கதவணையில் ஒருமுறை நின்று பார்த்தவர்க்கு, அவ்வெண்ணின் கடைசித் துளி எங்கு வந்து சேர்கிறது என்பது தெரியும். பயணத்தால் நீர் பெருகாது. சட்டம் செய்ய வேண்டியதை அது செய்யவும் இயலாது. ஆனால் சட்டத்தின் பின்னே நிற்கும் மக்கள் கருத்தை அது உருவாக்கும். திராட்சைத் தோட்டத்தைத் தன் பெருமையாகக் கருதும் மக்களிடமிருந்து அத்தோட்டத்தை எளிதில் பறிக்க முடியாது. நெல்வயலைத் தன் பெருமையாகக் கருதும் மக்களிடமிருந்தும் அவ்வாறே.

எனவே அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது, முதலில் ஆற்றின் வரைபடத்தைத் தேடுங்கள். அதில் நீர் பிரியும் இடங்களைக் குறியுங்கள். எந்த மாதத்தில் எங்கு என்ன விளையும் என்று கேட்டறியுங்கள். அதன்பின் கோவிலையும் கோட்டையையும் அவற்றுக்குரிய இடங்களில் எழுதுங்கள். திரும்பி வந்ததும், நீங்கள் கண்டதை அடுத்துச் செல்பவருக்குச் சொல்லுங்கள். வழியில் யார் வாழ்கின்றனர், அவர்கள் என்ன விளைவிக்கின்றனர், அவர்களுக்கு என்ன குறை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆற்றுப்படுத்துதல் என்று நம் முன்னோர் அதனைத்தான் அழைத்தனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஆறு, ஏரி அல்லது வாய்க்காலின் போக்கை வரைபடமாக வரைந்து, அதன் கரையிலுள்ள ஊர்கள், விளைபொருள்கள், தொழில்கள் ஆகியவற்றைக் குறிக்க.

2. உழவர் ஒருவரைச் சந்தித்து, நீர்வரத்தையொட்டி ஓராண்டில் அவர் மேற்கொள்ளும் பணிகளை மாதவாரியாகத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

3. 'சுற்றுலாப் பெருக்கம் சிற்றூர்களுக்கு நன்மையே' என்னும் தலைப்பில் ஏற்றும் மறுத்தும் சொற்போர் நிகழ்த்துக.